முகம் தெரியாதவரைச் சந்திக்கத் தனியாகவா போவது?

தோழர்களே,

பழைய டூவீலர், லேப்டாப், வாடகை அறை, பகுதிநேர வேலை என எதைத் தேடினாலும் இன்று ஓஎல்எக்ஸ், முகநூல், வாட்ஸ்அப் குழு என்றுதான் போகிறோம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேறு வழி குறைவு. புதிதாக வாங்கக் காசில்லை. சிபாரிசு செய்து வேலை வாங்கித்தர மாமனும் மச்சானும் அலுவலகங்களில் இல்லை. அதனால்தான் முகம் தெரியாதவரை நம்புகிறோம். இதைப் பேராசை என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்பதும் பொய். 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு இணைய மோசடி செய்ய மிரட்டப்பட்டார்கள். கணினி தெரிந்த இளைஞர்களைக் குறிவைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பேசுங்கள்.

உள்ளூரில் நமக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. விளம்பரத்தில் முகவரி போட்டால் மற்றவர்களுக்கு வீடு மட்டும்தான் தெரியும். நமக்குச் சாதியும் தெரிந்துவிடும். ஊர் வேறு, காலனி வேறு என்று பிரித்து வைத்திருக்கும் மாவட்டம் இது. எனவே முகவரி போடாதீர்கள். நேரில் பார்க்கும் முன் ஆதார் நகலோ சாதிச் சான்றிதழோ யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள பேருந்து நிலையத்திலோ ரயில் நிலைய வாசலிலோ இருக்கட்டும். "பைபாஸுக்கு வா", "லாட்ஜுக்கு வா" என்று கடைசி நேரத்தில் இடம் மாற்றினால் திரும்பிவிடுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். யாரை, எங்கே பார்க்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். ராணுவ அடையாள அட்டையைக் காட்டி முன்பணம் கேட்டால் நம்பாதீர்கள். பணம் வாங்குவதற்கு கியூஆர் ஸ்கேனும் வேண்டாம், யூபிஐ பின்னும் வேண்டாம்.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். அவசரத்துக்கு 112, பணம் போனால் உடனே 1930. "எங்க லிமிட் இல்ல" என்று காவல் நிலையத்தில் சொன்னால், பிஎன்எஸ்எஸ் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள்: குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். சாதியைச் சொல்லித் திட்டினாலோ தாக்கினாலோ வன்கொடுமை தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. உதவிக்கு 14566.

பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது. "முகநூலில் பழகியவனை ஏன் பார்க்கப் போனாய்?" என்று பெண்களையே கேட்டது சமூகம். அதையெல்லாம் தாங்கிப் பெண்கள் சாட்சி சொன்னதால்தான் 2025 மே 13 அன்று 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஏன் போனாய் என்று நாமும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த பிள்ளை நம்மிடம் சொல்லாமலே போகும். ஒவ்வொரு விடுதியிலும் கூடப் போக இரண்டு பேர் தயாராக இருங்கள். இதுவும் இயக்க வேலைதான்.

ஜெய்பீம்!