விரிசல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?

"ஏழை நாடுங்க, வேலை கிடைக்கிறதே பெருசு. இதுல உரிமையாவது ஒண்ணாவது!" என்று பேசுகிறவர்களிடம் நான் ராணா பிளாசாவைப் பற்றித்தான் கேட்பேன்.

பங்களாதேஷில், டாக்கா பக்கத்தில் சாவர் என்ற ஊர். 2013 ஏப்ரல் 23-ம் தேதி அந்த எட்டு மாடிக் கட்டிடத்தில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிட்டாங்க. மேலே இருந்த ஆயத்த ஆடை ஃபேக்டரிகளில் மட்டும், மறுநாள் வேலைக்கு வரலைன்னா சம்பளம் கிடையாதுன்னு மிரட்டல். போனாங்க. கட்டிடம் சரிந்தது. 1,100 பேருக்கு மேல் செத்தாங்க.

வங்கி ஊழியர் வீட்டில் இருக்க முடிஞ்சுது, தையல் மெஷின் பொண்ணால முடியலை. ஏன்? அங்கே இருந்த அஞ்சு ஃபேக்டரியில் ஒன்றில்கூட தொழிற்சங்கம் கிடையாது. தனியா நின்னு எப்படி மறுக்கிறது?

பிறகு பெரிய பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் கட்டிடச் சோதனையோடு, ஆபத்தான இடத்துக்குள் போக மறுக்கிற உரிமையும் சேர்ந்தது. என்னைக் கேட்டா அதுதான் முக்கியம். சோதனை போடுற அதிகாரி என்னைக்கோ ஒருநாள்தான் வருவார். சுவர் விரியிற அன்னைக்கு அங்கே நிக்கிறது தொழிலாளிதான்.

"மாட்டேன்"னு சொல்ல முடியாத வேலைக்கு வேலைவாய்ப்புன்னு பேர் வைக்காதீங்க சாமி!