பழங்காசும் பித்தளைக் காசும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கங்களில் எங்கேயாவது பழைய வீடு இடிபட்டாலும், வானம் தோண்டப்பட்டாலும், "புதையல் காசு" என்கிற பேச்சும் கூடவே புறப்பட்டுவிடுகின்றது. இதை முழுப் பொய் என்று தள்ளுவதற்கில்லை. தென்காசி பாண்டிய அரசர் இருந்த ஊர். செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரையில் திருவாங்கூரைச் சேர்ந்திருந்தது. ஆகவே அனந்தராயன் பணமும், கம்பெனி வராகனும், இங்கிலீஷ் பவுனும் இப்பக்கத்துப் பெட்டிகளில் கிடந்திருப்பதில் அதிசயமில்லை. ஆனால் நிஜக்காசு ஒன்று இருக்கின்ற காரணத்தாலேயே பித்தளைக் காசு ஆயிரம் விலை போகின்றது என்பதைத்தான் நாம் இங்கு கவனிக்க வேண்டியிருக்கின்றது.

ஏமாற்றுகின்றவனுடைய முறையில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. கூலியாள் வேஷத்தில் ஒருவன் வருவான். "மண் வெட்டும்போது கிடைத்தது சாமி, வெளியே தெரிந்தால் போலீஸ் வரும்" என்பான். இரண்டு காசை நம் கையிலேயே கொடுத்து, ஆசாரியிடம் உரைத்துப் பார்க்கச் சொல்லுவான். அந்த இரண்டும் அசல் தங்கம். பெண்ணின் கலியாணத்திற்கு என்று வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் இருட்டில் கொடுத்து வாங்கி வருகிற செம்பு நிறைய இருப்பதோ முலாம் பூசிய பித்தளை. ஏமாந்தவன் வெளியே சொல்லவும் வெட்கம். சொன்னால் தானும் திருட்டுப்பொருள் வாங்கப் போனவன் ஆகிறான். அந்த வெட்கமே அந்தக் கூட்டத்தாருக்கு முதல்.

மற்றொரு வகை, கிழக்கிந்தியக் கம்பெனிப் பெயரும் 1616, 1717, 1818 என்ற வருஷங்களும் போட்டு, மறுபுறம் அனுமாரோ ராமர் பட்டாபிஷேகமோ அச்சடித்த "அணா"க் காசுகள். இவற்றுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டென்றும், உள்ளே இரிடியம் இருக்கிறதென்றும், லட்சக்கணக்கில் விலை போகுமென்றும் கதை கட்டுகின்றார்கள். 1616இல் அக்கம்பெனி சூரத்தில் பண்டகசாலை வைத்திருந்த வியாபாரக் கூட்டமேயொழிய அணாக் காசு அடிக்கும் சர்க்காரல்ல. சென்னைக் கோட்டைக்கு இடம் கிடைத்ததே 1639இல்தான். கம்பெனி நாடு முழுவதுக்கும் ஒரே மாதிரி நாணயம் என்று சட்டம் செய்தது 1835இல். இரிடியம் என்பது ஒரு அரிய வெள்ளை உலோகம்; அது அரிசியை இழுக்காது. இரும்புத்தூள் தடவிய அரிசியைக் காந்தம் இழுக்கும், அவ்வளவுதான் சங்கதி.

இதனால் சாமி படம் போட்ட காசெல்லாம் பொய் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். சென்னையில் கம்பெனியார் அடித்த நட்சத்திர வராகனில் ஒருபுறம் விஷ்ணு உருவமே இருந்தது. வியாபாரத்திற்கு வேண்டுமானால் வெள்ளைக்காரன் எந்தச் சாமியையும் அச்சடிப்பான்! அது சுமார் 3.4 கிராம் எடையுள்ள, கையால் அடித்த, ஓரம் சமமில்லாத சிறு தங்கக் காசு. 1818இல் சென்னை ராஜதானிக்கு ரூபாயே அளவை ஆன பிறகு அதன் காலம் முடிந்தது. ராமர் பட்டாபிஷேகக் காசுகளோ பெரும்பாலும் பூஜைக்கென்று செய்யப்பட்டவை. கடைத்தெருவில் செலாவணியானவை அல்ல. அவற்றில் பழைய தங்கமும் உண்டு. இன்று யாத்திரை ஊர்களில் விற்பதோ பித்தளை வார்ப்பு.

பார்க்க வேண்டிய முறைதான் என்ன? வார்த்த காசின் முகத்தில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும், ஓரத்தைச் சுற்றி ஒட்டுக் கோடும் தெரியும், எழுத்து மழுங்கியிருக்கும். அச்சில் அடித்த காசில் இவை இரா. உரைகல்லில் முகத்தைத் தேய்த்தால் முலாம்தான் பதில் சொல்லும்; ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது தராசு. இங்கிலீஷ் பவுன் 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர். அதே பருமனுள்ள பித்தளை 4 கிராம்கூட இராது. பித்தளையைத் தடிமனாக்கி எடையைச் சரிக்கட்டினாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். நூலில் கட்டித் தண்ணீரில் முழுக விட்டு நிறுத்தால் பவுன் சுமார் 0.45 கிராம் குறையும். அதே எடைப் பித்தளை அதைப்போல் இருமடங்கு குறையும். ஆர்க்கிமிடிஸ் இதைக் குளிக்கும்போது கண்டான் என்பார்கள். நம்மவர்கள் குற்றாலத்தில் வருஷா வருஷம் குளிக்கத்தான் குளிக்கிறார்கள்! டங்ஸ்டன் என்ற உலோகம் மாத்திரம் ஏறக்குறையத் தங்கத்தின் கனமே உள்ளதால் இதில் தப்பிவிடும். ஆனால் நாட்டுப்புறத்துக் கள்ளன் அவ்வளவு தூரம் போவதில்லை. எப்படியிருந்தாலும் அவன் எடுத்துக்கொடுத்த காசையல்ல, செம்புக்குள் நாமே கைவிட்டு எடுத்த காசைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு அவன் சம்மதிக்கமாட்டான். சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

உண்மையாகவே மண்ணில் காசு கண்டெடுத்தவர் பயப்படக் காரணமில்லை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் யாரும் இல்லையென்று தீர்ந்தால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் உண்டு. சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். மறைத்தவருக்கோ பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. இவ்விஷயத்தைப் படிக்கத் தெரிந்த தோழர்கள், மண்வெட்டும் தோழர்களுக்கும் கொத்தனார்களுக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.