ஓசியில் ஓசோன்!

எங்கள் மாடி வீட்டு மாமாவுக்கு மார்கழி பிறந்தால் போதும். விடியற்காலை நாலரைக்கே கதவைத் தட்டி, "எழுந்திருப்பா! ஓசோன் கீழே இறங்கியிருக்கு. ஓசியில கிடைக்கறதை விடுவாளா?" என்பார். நானும் மெரினா மணலில் நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டிருக்கிறேன். பி.காம். படித்தவனுக்கு ஓசியில் வந்ததெல்லாம் வரவு.

பிறகுதான் தெரிந்தது. ஓசோன் படலம் இருப்பது பதினைந்து கிலோமீட்டருக்கும் மேலே. மார்கழிக்காக அது இறங்கி வருவதில்லை. கீழே இருக்கிற ஓசோன் வேறு கதை. அதை எந்த சைலன்ஸரும் கக்குவதில்லை. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடும், பெட்ரோல் பங்க்கில் மூக்கில் ஏறுகிறதே, அந்த மாதிரி ஆவியும் வெயிலில் சேர்ந்து வெந்தால் ஓசோன். அரிசி பருப்பு நம்முடையது, சமையல் சூரியனுடையது!

இதில் முதலில் மாட்டியது லாஸ் ஏஞ்சல்ஸ். அதுவும் கடற்கரை ஊர்தான். ஆனால் கடற்காற்று தள்ளிக்கொண்டு போகிற புகையை மலை மறித்துக்கொள்ளும். 1943 ஜூலையில் ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. யுத்த காலம் வேறு. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடப் பயந்தார்கள். அடுத்து ஒரு ரப்பர் தொழிற்சாலை மேல் பழி. அதை மூடிப் பார்த்தும் புகை போகவில்லை. கடைசியில், அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் போட்டு உடைத்தார். எண்ணெய் ஆலைகளோடு இன்னொரு குற்றவாளி, அவரவர் வீட்டு வாசலில் நின்ற கார்! மனுஷனை எத்தனை பேர் திட்டினார்களோ. அந்த ஊர்க் காற்றில் டயர் ரப்பரே விரிசல் விட்டதாம். நுரையீரல் என்ன, ரப்பரைவிடக் கெட்டியா?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு டாஸ் போட்டோம். எங்கள் பௌலருக்கு ஏற்கெனவே வீஸிங். நாலாவது ஓவரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "வெயில்டா" என்று சோடா வாங்கிக் கொடுத்தோம். வெறும் வெயில்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தரையோர ஓசோன் உச்சத்துக்குப் போவது மதியத்துக்கு மேல்தான். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. கர்ச்சீப் கட்டினால் தூசி நிற்கும், வாயு நிற்குமா?

இரவில் சமையல் நின்றுவிடுகிறது. மிச்சத்தையும் வண்டிப் புகையே தின்றுவிடும். ஆக, மாமா கதவைத் தட்டுகிற நேரத்தில்தான் ஓசோன் ரொம்பக் குறைவு!

இந்த வருஷம் மேட்ச் காலை ஆறு மணிக்கு. எல்லோரையும் எழுப்புகிற பொறுப்பு மாமாவுக்கு. அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் எழுப்ப மாட்டார்.