ஆண் ஆசிரியர்கள் நம் பள்ளியில் ஏன் நிலைப்பதில்லை?



இவ்வாண்டு நடுவில் நம் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்று ஈப்போவுக்குச் சென்றுவிட்டார். நான்கு ஆண்டுகளில் நம்மை விட்டுப் பிரிந்த மூன்றாவது ஆண் ஆசிரியர் அவர். சம்பளம் போதவில்லை போலும் என்று சிலர் பேசிக்கொண்டனர். அரசாங்கச் சம்பளம் இங்கும் அங்கும் ஒன்றுதானே!

விடைபெறும் நாளில் அவரே காரணத்தைக் கூறினார். "ஐயா, நான் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தேன். இங்கே நாற்காலி தூக்கினேன், பந்து விளையாட்டைக் கவனித்தேன், குறும்பு செய்த பிள்ளைகளை அதட்டினேன். எழுத்துக் கற்பிக்க ஒரு வகுப்பு எனக்குக் கிடைக்கவேயில்லை" என்றார். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அப்பணிகளைப் பங்கிட்டுக் கொடுத்தவன் நானே.

பழைய நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொடக்கத்தில் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். பயிற்சி பெற்றோர் பின்னரே வந்தனர். அவர்கள் லயத்தை அடுத்த வீட்டிலேயே குடியிருந்தார்கள். மாலையில் தொழிலாளருக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தார்கள். பால்மரங்கள் செம்பனையாக மாறின. குடும்பங்கள் பட்டணம் சென்றன. நம் தோட்டத்தில் வாத்தியார் வீடும் இடிந்து போயிற்று. இன்று வரும் இளைஞர் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வந்து திரும்புகிறார்.

நம் நாட்டு ஆசிரியர்களுள் பத்துக்கு ஏறத்தாழ எழுவர் பெண்கள். அவர்கள் இல்லையேல் நம் பள்ளியே இல்லை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தந்தையார் சிங்கப்பூரில் வேலை செய்ய, வீட்டில் ஆண்துணையின்றி வளரும் மாணவன் ஒருவன், "படிப்பது பெண்பிள்ளைகள் வேலை, சார்" என்று என்னிடமே கூறினான். புத்தகமும் கையுமாக ஓர் ஆண்மகனை அவன் எங்கே கண்டான்? என் கையிலோ அவன் கண்டது பிரம்புதான்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஆசிரியர்களுள் கறுப்பின ஆண்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தொடக்கப் பள்ளிகளுக்கு அவர்களை ஆயத்தம் செய்யும் திட்டம் ஒன்று 2000ஆம் ஆண்டு தென் கரோலினாவில் தொடங்கப்பெற்றது. ஆனால், சேர்ப்பது மட்டும் போதவில்லை. கற்பிப்பவராக அல்லாமல் பிள்ளைகளை அடக்குபவராகவே தங்களைப் பயன்படுத்துகின்றனர் என்று கறுப்பின ஆசிரியர்கள் வருந்தியதை 2016இல் வெளிவந்த அறிக்கை ஒன்று எடுத்துரைத்தது. அதனைப் படித்தபோது நம் பள்ளியின் கால அட்டவணையே என் கண்முன் வந்தது.

ஆகவே, அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்பை, நம்மிடம் எஞ்சியுள்ள ஒரே இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கிறேன். சின்னஞ்சிறு பிள்ளைகளை ஓர் ஆண் எப்படிச் சமாளிப்பார் என்று தாய்மார் சிலர் இப்போதே கேட்கின்றனர். முதல் மாதம் வகுப்பறை வாயிலில் வந்து நின்று பார்க்கலாம், தடையில்லை. கட்டொழுங்குப் பொறுப்பை நானே ஏற்கிறேன். நாற்காலிகளை அடுக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் நால்வர் முன்வந்துள்ளனர். தோட்டத்திற்கு அருகில் அவருக்கு ஒரு வாடகை அறை வேண்டும். அறிந்தவர் அலுவலகத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர்