அக்னி மூலைக்குப் போன அடுப்பு

சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று முடிவெடுத்ததுமே அடுப்பை எங்கே வைப்பது என்ற சண்டை ஆரம்பமாகிவிட்டது. லூனாஸில் எங்களுடையது சாதாரண வரிசை வீடு. ஜன்னலோரம் வேண்டும் என்றாள் மனைவி. குத்தகையாளர் தன் வரைபடத்தில் ஜன்னலுக்குக் கீழே அடுப்பையும், தென்கிழக்கு மூலையில் ஐஸ்பெட்டியையும் போட்டிருந்தார். அம்மா வரைபடத்தை ஒரு முறைதான் பார்த்தார். "அக்னி மூலையில ஐஸ்பெட்டியா? நல்லா இருக்குய்யா உங்க ஞாயம்!"

அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ரப்பர் விறகு, மண்ணெண்ணெய் அடுப்பு, பிறகு கேஸ் என்று மூன்றையும் பார்த்தவர். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஜன்னல் காற்றில் தீ அணைந்துபோகும் என்று அவர் சொன்ன காரணத்துக்கு என் மனைவியிடமும் பதில் இல்லை. அடுப்பு மூலைக்குப் போனது.

கேஸ் தோம்பு வீட்டுக்கு வெளியே, பின்புறத்தில் இருந்தது. பழைய அடுப்புக்கு ஒரு கை நீளக் குழாய் போதும். புது இடத்துக்கோ மூன்று மீட்டருக்கு மேல். இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. வேலைக்கு வந்தவர்கள் இரண்டு ரப்பர் குழாய்களை ஒட்டுப்போட்டு, சுவரில் ஓட்டை போட்டு, கேபினெட்டுக்குப் பின்னால் ஓட்டிவிட்டார்கள். மேலே பளபளவென்று டைல்ஸ். பார்த்துப் பூரித்துப் பணத்தைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இரவு அம்மா என்னை எழுப்பினார். "தம்பி, என்னமோ நாத்தம் அடிக்குது." தூக்கக் கலக்கத்தில் சமையலறை விளக்கின் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "தொடாத!" சுவிட்சில் கிளம்பும் சிறு பொறி போதும் என்று, தோம்பு கொண்டுவரும் பையன் எப்போதோ சொல்லியிருந்தானாம். இருட்டிலேயே தடவிப் பின்கதவைத் திறந்தோம். தோம்பின் ரெகுலேட்டரை மூடினேன். மனைவியும் பிள்ளைகளும் முன்வாசலில் போய் நின்றார்கள். காற்றாடியைக்கூடப் போடவில்லை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையிலும் கேபினெட்டின் அடியிலும் தேங்கி நிற்கும். அதற்கென்று சொந்த வாடையும் கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். காலையில் கேபினெட்டின் பின்பலகையைக் கழற்றி, சவர்க்கார நுரையைக் குழாய் நெடுகத் தடவினேன். ஒட்டுப்போட்ட இடத்தில் குமிழி குமிழியாய் வந்தது. இன்னொரு பக்கம் டைல்ஸ் விளிம்பு குழாயை அறுத்துக்கொண்டிருந்தது. பூட்டிய கேபினெட்டுக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற எரிவாயுக் குத்தகையாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். உலோகக் குழாய், அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வால்வு, அதிலிருந்து அடுப்புக்கு மட்டும் குட்டையாக சிரிம் முத்திரை போட்ட ரப்பர் குழாய். கேபினெட் கதவின் அடிப்பக்கத்தில் காற்றுப் போக ஓட்டைகளும் போடச் சொன்னார். புதுக் கதவில் ஓட்டையா என்று மனைவி முகம் சுளித்தாள். அப்புறம் அவளே துளைக்கும் மெஷினை எடுத்துக் கொடுத்தாள்.

மானியத்தில் 14 கிலோ தோம்பை 26 வெள்ளி 60 காசுக்கு வாங்கிப் பழகிய நமக்கு, குழாய்க்குச் சில நூறு வெள்ளி கொடுக்க மனம் வருவதில்லை. புகைபோக்கிக்கு அதைவிடப் பல மடங்கு யோசிக்காமல் கொடுத்தவன் நான். நீங்களும் அடுப்பை நகர்த்தப் போகிறீர்கள் என்றால், டைல்ஸ் கடைக்குப் போகும் முன் தோம்புக்கும் அடுப்புக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்துவிடுங்கள்.

சுவரில் போட்ட பழைய ஓட்டையை அடைக்க "அடுத்த வாரம் வர்றேன்" என்ற முதல் குத்தகையாளர் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஒரு பழைய துணியைத் திணித்து வைத்திருக்கிறேன்.