ஈகையும் ஒப்புரவும்

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ஈகைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தது ஏன் என்று மாணாக்கர் வினவுவதுண்டு. உரைகாரர் வழிநின்று, இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை, உலக நடை அறிந்து பிறர்க்கு உதவி வாழ்வது ஒப்புரவு என்று விடை கூறிவந்தேன். அவ்விடை என் நாவளவில் நின்றதேயன்றி நெஞ்சளவிற் சென்றதில்லை என்பதை, 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் எங்கள் மலைகளைக் கரைத்தபோதுதான் உணர்ந்தேன்.

நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்ட அப்பேரிடரில் கண்டி மாவட்டமே மிகுந்த உயிர்ப்பலி கொடுத்தது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையும் இடையில் நிறுத்தப்பட்டது. நக்கிள்ஸ் மலையடியில் உள்ள எங்கள் மடுல்கெல்லப் பகுதியில் மண்சரிவுக்கு அஞ்சிய குடும்பங்கள் லயங்களை விட்டுப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கின. உதவி வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பொதி சுமந்து வந்தார்கள். சமைத்த சோற்றைச் சேற்றில் நடந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெயரும் சொல்லாமற் சென்ற இளைஞரை நான் கண்ணாரக் கண்டேன். அவர்களை இக்கட்டுரை தொடாது.

நான் சொல்லவந்தது வேறு. துணிப் பொதிகளைப் பிரித்தபோது, பொத்தான் அறுந்த மேலங்கிகளும், மணப்பெண் உடுத்திக் கழித்த சரிகைச் சேலைகளும் குவியலாய் வெளிவந்தன. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் கேட்டதோ, ஈரமற்ற ஒரு கம்பளியும், பெண்டிர்க்கு மாதந்தோறும் வேண்டிய பொருளுமே. அதைக் கேட்கவும் அவள் என்னிடம் வரவில்லை. எங்கள் ஆசிரியை ஒருவரின் காதில் மெல்லச் சொன்னாள். வேறொரு நாள், மாவு மூட்டையைப் பெற்ற முதியவர் ஒருவரை, நிழற்படம் சரியாக விழவில்லையென்று இரண்டாம் முறையும் கைநீட்டச் சொன்னார்கள். அவரும் நீட்டினார். ஐம்பது ஆண்டு கொழுந்துக் கூடைகளைத் தராசில் நிறுத்த கை அது.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை இங்கு நினைக்கிறேன். கையில் அமுதசுரபி இருந்தும், நாடு மழை பெற்றுச் செழித்தபின் அவனிடம் உண்ண வருவார் இல்லை. அப்போது அவன் ஓரிடத்தில் அமர்ந்திருந்தானா? உண்ணாதார் உளரோ என்று ஊரூராய்க் கேட்டுச் சென்றான், கேட்டவர் நகைத்தனர். பின்பு பசியுள்ள சாவக நாட்டை நாடிக் கப்பலேறினான். கொடுப்பவனே தேவையைத் தேடிப் போகிறான் என்பதுதான் சாத்தனார் கதையின் உயிர். நம் லொறிகளோ தார்வீதி முடிந்த இடத்தில் நின்றுவிட்டன. வீதியோரத்தவர் இருமுறை பெற்றனர். மேற்பிரிவுத் தோட்டத்தவர் செய்தி கேட்டு இறங்கி வந்தபோது வெற்றுப் பெட்டிகளே கிடந்தன.

பொதி தீர்ந்த பின்னரே பெருந்துன்பம் தொடங்கும். வெள்ளம் புகுந்த வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா வழங்குவதாக அரசு அறிவித்தது, நன்று. ஆனால் லயத்து அறை யாருடைய வீடு? பாட்டன் பிறந்த அறையாயினும் அது தோட்டத்தின் சொத்து. குடியிருப்பவன் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இராது. உறுதி உள்ளவனுக்கு இடர் ஓர் இழப்பு. உறுதி இல்லாதவனுக்கோ இழந்ததை மெய்ப்பிப்பதே இரண்டாம் இடராகிறது. இது புதிதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. “போ” என்று சொன்னவர் “இங்கே வா” என்று ஓரிடம் காட்டவில்லை. காட்டாதபோது ஏழை எங்கே போவான்?

நிலமும் உறுதியும் தருவது அரசின் கடன். அதை நம் பிடியரிசியால் ஈடுசெய்ய இயலாது, ஈடுசெய்ததாக எண்ணி அரசை விட்டுவிடவும் கூடாது. எனினும் ஆசிரியரும் மாணாக்கரும் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. எந்த லயத்தில் எத்தனை குடும்பம், நடக்கமாட்டாதவர் யார், மருந்துண்பவர் யார், மழை கடுத்தால் எந்தப் பாதையால் இறங்குவது என்பதை வெயில் நாளிலேயே எழுதி வைக்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளை அவரவர் சம்மதத்தோடு பாடசாலையில் காக்கலாம். கொடை தர விழைவோர்க்கு அப்பட்டியலே வழிகாட்டும். எவரையும் கைநீட்டச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பத்தாந்தர மாணாக்கர் இதுவரை மூன்று லயங்களை எழுதி முடித்திருக்கிறார்கள். கையெழுத்து அழகில்லை, ஒற்றுப்பிழையும் மலிந்திருக்கிறது, நான் திருத்தவில்லை. நான்காவது லயம் மலையுச்சியில் உள்ளது. வரும் ஞாயிறன்று ஏறுகிறார்கள்.