குமிழின் அசைவும் பாட்டியின் குரலும்



சென்ற திங்கள் ஒரு மாலை, பணி முடிந்து காரோட்டிலுள்ள வீட்டுக்குத் திரும்பினேன். உள்ளே ஒரு சிறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் என் தமக்கை மகன், பாட்டி பாடும் நீலாம்பரித் தாலாட்டைக் கணினியில் அமைத்து வைத்திருந்தான். அதைக் கேட்ட என் அன்னையார், "மக்களே, சுரமெல்லாம் சரிதான், பாட்டுத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பையனின் முகம் வாடிவிட்டது.

முதியோருக்குப் புதுமை பிடிக்காது என்று இதனைத் தள்ளிவிடலாகாது. குறை எங்கே என்று இருவரும் அமர்ந்து பார்த்தோம்.

சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி இன்று மென்பொருளாகி, இசை அமைக்கும் மென்பொருளுக்குள் செருகி வைக்கும் பொருளாகிவிட்டது. ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட வி.எஸ்.டி. முறையே இதற்குப் பெருவழி திறந்தது. ஒலியின் கூர்மை, உரப்பு, நடுக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு குமிழ் உண்டு. பையன் சுரங்களை மட்டும் எழுதிவிட்டுக் குமிழ்களைத் தொடாமலே விட்டிருந்தான்.

முன்னாளில் ரயில் நிலையக் கேபினில் லீவரை இழுத்தால், தொலைவில் சிக்னல் கை இறங்கும். இடையே ஓடுவது ஒரு கம்பி. 1983-இல் வந்த மிடி முறையும் அத்தகையதே. எந்தக் குமிழ், எவ்வளவு என்னும் இரண்டு செய்திகளை அஃது எண்களாக அனுப்புகிறது. 1-ஆம் எண் பெரும்பாலும் நடுக்கத்துக்கு. 7-ஆம் எண் உரப்புக்கு. அளவு 0 முதல் 127 வரை. மெல்லத் திருப்பும்போது சிலவேளை படிப்படியாய்க் கேட்கும். வி.எஸ்.டி. வழியே குமிழை நேராக அசைத்தாலோ, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட நுண்பின்னங்களாகச் செல்வதால் ஒலி வழுக்கிக்கொண்டு போகும்.

அசைவிலும் இருவகை உண்டு. தொட்டிலைப்போல் ஒரே சீராக ஆடுவது எல்.எஃப்.ஓ. அதன் வேகத்தையும் வீச்சையும் வேண்டியபோது கூட்டிக் குறைக்கும் தாயின் கை போன்றது ஆட்டோமேஷன். பாட்டின் கீழே நாம் வரையும் கோடு அது. எல்.எஃப்.ஓ.வை மட்டும் நம்பினால் முதல் வரியும் கடைசி வரியும் ஒரே நடுக்கமாய் நடுங்கும். எந்தப் பாட்டி அவ்வாறு பாடுவாள்?

சுரத்தை வளைப்பதற்கு மிடியில் 16,384 நுண்படிகள் உள்ளன. ஆயின் வளைவின் எல்லை வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரமே. அதற்கு மேற்பட்ட இழைவு வேண்டுமாயின், சிந்தசைசரில் அவ்வெல்லையை விரித்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் கருவியின் வசதிகள். கோட்டை எங்கே வளைப்பது என்று எந்தக் கருவியும் சொல்லித் தராது. 1924-இல் நம் பாறசாலையில் பிறந்து, 2006-இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணி என்னும் பெருமை பெற்றவர் பாறசாலை பொன்னம்மாள். 2021-இல் அவர் மறைந்தாலும் ஒலிப்பதிவுகள் உள்ளன. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் செல்லும் வழியைச் செவி கொடுத்துக் கேளுங்கள். கமகம் இன்னதென்று விளங்கும்.

பையன் பாட்டியைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்தான். ஒவ்வோர் அடியாகக் கேட்டுக் கேட்டுக் கோடு வரைந்தான். மூன்றாம் அடியில் பாட்டிக்கு மூச்சு வாங்கியது. முன்போல் முழுப்பாட்டும் அவர்களால் பாட முடியவில்லை என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம்.

பத்து மாலைகள் சென்றபின் மீண்டும் கேட்கச் செய்தான். அன்னையார் கண்ணை மூடி உடன் முணுமுணுத்தார்கள். "அந்த ரெண்டாவது அடி மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கணும், மக்களே" என்றார்கள். அவன் மறுபேச்சின்றித் திருத்தினான்.

பிழைப்பு நாடி வந்து குடியேறிய நம் வீடுகளில் பிள்ளைகள் வேறுமொழியில் பயில்கின்றனர். கணினி இருக்கும் இல்லங்களில், காசின்றிக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்.டி. போன்ற சிந்தசைசரைப் பயிலட்டும், தடுக்க வேண்டா. ஆனால் முதலில் வீட்டுப் பெரியவர்களின் பாட்டைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். மென்பொருளை அடுத்த ஆண்டும் பெறலாம். பாட்டியின் மூச்சு அதுவரை காத்திராது.